வயலிலே காடு: கையொப்பமிடுமுன் சில சிந்தனைகள்

விவசாயியின் காணியில் மரம் நட்டால் அரசு பணம் தரும் என்ற ஏற்பாடு இன்று உலகின் பல நாடுகளில் உண்டு. வயலையும் தோட்டத்தையும் காடாக மாற்றுவோருக்கு ஆண்டுதோறும் கொடுப்பனவு, இலவசக் கன்று, வேலி அடைக்க உதவி என்று இது பல உருவங்களில் வருகிறது. காலநிலை மாற்றம் பற்றிய கவலை வளர வளர இவ்வேற்பாடும் வளர்கிறது. இலங்கை அரசும் நாட்டின் காட்டுப் பரப்பை 2030ஆம் ஆண்டளவில் 32 வீதமாக உயர்த்துவதாக உலக நாடுகளுக்கு வாக்களித்துள்ளது. அந்த வாக்கை நிறைவேற்ற நிலம் வேண்டும். ஆளும் இல்லாமல் பயிரும் இல்லாமல் எந்த நிலம் கிடக்கிறதோ, அதன்மீதுதான் முதலில் கண் விழும்.

நமது தீவகத்தில் அத்தகைய நிலம் நிறையக் கிடக்கிறது. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, மண்டைதீவு என எங்கு போனாலும் ஒரு காலத்தில் மாரி நெல் விளைந்த வயலில் இன்று பற்றை மூடியிருப்பதைக் காணலாம். அந்த வயல்களின் சொந்தக்காரர் பலர் யாழ்ப்பாண நகரின் ஓரங்களிலும் வன்னியிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கிறார்கள். “சும்மா கிடக்கிற காணியில் மரம் நடுங்கள், பணம் வரும்” என்ற பேச்சு அவர்களின் வாசலுக்கும் ஒருநாள் வராமற் போகாது. அரசு சொல்லாவிட்டாலும், கரிம வரவு வாங்கி விற்கும் கம்பனி சொல்லும். தொண்டு நிறுவனங்களும் சொல்லக்கூடும். அந்தப் பேச்சு வருமுன்பே நாம் இதுபற்றித் தெளிவாகச் சிந்தித்து வைத்துக்கொள்வது நல்லது.

மரம் நடுவதை எதிர்த்து எழுதப்படும் கட்டுரை அல்ல இது. தீவகத்துக்கு மரம் வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். ஆனால் எந்த மரம், எந்த இடத்தில், யாருடைய சம்மதத்துடன், எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்குமுன் வயலைக் காடாக்கும் பத்திரத்தில் இடம்பெயர்ந்த குடும்பம் எதுவும் கையொப்பமிடக் கூடாது என்பதே எனது கருத்து.

பிறர் கண்ட அனுபவம்

ஐரோப்பாவில் இத்திட்டம் ஏன் வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அங்கே 1980களில் தானியமும் வெண்ணெயும் இறைச்சியும் தேவைக்கு மேல் உற்பத்தியாகிக் களஞ்சியங்களில் தேங்கின. உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது. எனவே 1992இல் ஐரோப்பிய சமூகம், விவசாய நிலத்தில் காடு வளர்ப்போருக்கு நடுகைச் செலவும் பராமரிப்புச் செலவும், இழந்த வருமானத்துக்கு ஈடாக 20 ஆண்டுகள் வரை கொடுப்பனவும் வழங்கலாமென ஒழுங்குவிதி செய்தது. உணவு மிஞ்சிய நாடுகளில் பிறந்த திட்டம் அது. நமது நாட்டிலோ 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை வந்து, அடுத்த ஆண்டு அரிசிக்கும் மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. மிஞ்சியவனுக்குப் பொருந்தும் மருந்து பசித்தவனுக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

அயர்லாந்தில் இந்தக் கொடுப்பனவை நம்பி மரம் நட்ட விவசாயிகள் ஒரு பாடம் கற்றார்கள். கொடுப்பனவுக்கு ஆண்டு எல்லை உண்டு. காட்டுக்கு எல்லை இல்லை. ஒருமுறை காடாக்கிய நிலத்தில் மரத்தை வெட்டினால் மீண்டும் மரமே நடவேண்டும் என்பது அங்குள்ள பொதுவான சட்ட நிபந்தனை. பேரன் அந்த நிலத்தில் உருளைக்கிழங்கு போட விரும்பினாலும் போட முடியாது. லீற்றிம் என்ற மாவட்டத்தில், வெளியிலிருந்து வந்தவர்கள் நிலத்தை வாங்கி ஊரைச் சுற்றி ஊசியிலைக் காடு வளர்த்ததனால், அயலில் வீடுகள் தனித்துப்போய் ஊர் வெறுமையாகிறது என்று மக்கள் அமைப்பாகி எதிர்த்தார்கள்.

சீனாவில் 1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபின், 1999இல் மலைச்சரிவு வயல்களைக் காடாக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. அங்கே கொடுத்தது காசு மட்டுமல்ல, தானியமும் கொடுத்தார்கள். யாங்சிப் பகுதியில் ஒரு எக்டேயருக்கு ஆண்டுக்கு 2,250 கிலோவும், மஞ்சளாற்றுப் பகுதியில் 1,500 கிலோவும் என்று கணக்கு. அத்துடன் 300 யுவான் காசும் உண்டு. காட்டு மரம் நட்டால் 8 ஆண்டுகள், பழமரம் போன்ற பயன்மரம் நட்டால் 5 ஆண்டுகள். விளையும் நெல்லை நிறுத்தச் சொல்லுகிறவன் உண்ண நெல் தரவேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. மேலும் அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்தது மண் அரித்துப்போகும் செங்குத்தான சரிவுகளை. தாழ்நிலத்து நல்ல வயல்களை அல்ல.

நமக்குக் கிட்டிய இந்தியாவைப் பார்ப்போம். கர்நாடக மாநிலத்தில் 1980களில் உலக வங்கிக் கடனுடன் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் நடந்தது. கோலார் மாவட்டத்தில் குரக்கன் விளைந்த நிலங்கள் யூக்கலிப்டஸ் தோட்டங்களாயின. கூழாலைக்கு மரம் விற்ற பெரிய நிலக்காரருக்கு வருமானம் வந்தது. களை பிடுங்கியும் அறுவடை செய்தும் வாழ்ந்த கூலிக் குடும்பங்களுக்கு வேலை போயிற்று. 1983இல் தும்கூர்ப் பகுதி விவசாயிகள் திரண்டுபோய் வனத் திணைக்கள நாற்றுமேடையில் யூக்கலிப்டஸ் கன்றுகளைப் பிடுங்கிவிட்டுப் புளியும் மாவும் விதைத்தார்கள். அவர்கள் மரத்தின் எதிரிகள் அல்லர். தமக்கு உதவும் மரம் எதுவென்று அறிந்தவர்கள். பின்னர் 2017இல் அம்மாநில அரசே புதிதாக யூக்கலிப்டஸ் நடுவதைத் தடைசெய்தது.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் இதைவிட நிதானமானது. வரப்பில் நடுவதானால் எக்டேயருக்கு 160 கன்று, வயல் முழுவதும் நெருக்கமாக நடுவதானால் 500 கன்று என இலவசமாகக் கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகளுக்கு, உயிரோடு நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு 7 இந்திய ரூபா ஊக்கத்தொகை. இதில் இரண்டு நல்ல அம்சங்கள் உண்டு. முதலாவது, நட்டதற்கல்ல, பிழைத்ததற்கே பணம். இரண்டாவது, வயல் வயலாகவே இருக்க வரப்பிலே மரம் நிற்கலாம். ஆனால் வயல் முழுவதையும் கொடுத்தவருக்குக் கிடைப்பது எவ்வளவு? 500 கன்றும் பிழைத்தால் ஓர் எக்டேயருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபா. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 10,500 ரூபா. அதன்பின் மரம் முற்றும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க வசதி உள்ளவனுக்கு அது சேமிப்பு. நாளாந்தம் உழைத்து உண்பவனுக்கு அது பட்டினி.

தீவின் தண்ணீர்க் கணக்கு

நமது தீவுகளில் ஆறில்லை. சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழைதான் ஆண்டு முழுவதற்கும் தண்ணீர். அந்த மழை குளத்திலும் கேணியிலும் துரவிலும் தங்கி, கல்லிடுக்குகளினூடாகக் கீழிறங்கி, கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு நன்னீர்ப் படையாக நிற்கிறது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்ததால் இப்படி மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் அறிஞர் சொல்லும் கணக்கு. மறுபக்கமாகச் சொன்னால், மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறிவர இடம் கொடுக்கிறோம். நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளை மக்கள் ஏன் கண்போலக் காத்தார்கள் என்பது இதனால் விளங்கும்.

வயல் வரம்பு கட்டி மாரித் தண்ணீரைத் தேக்கினால், பயிருக்குப் போக மிஞ்சுவது மெல்ல நிலத்துக்குள் இறங்கும். அதே வயலில் வரம்பு சிதைய விட்டு, ஆண்டு முழுவதும் நீர் குடிக்கும், விரைவாக வளரும் மரங்களை நெருக்கமாக நட்டால் என்ன நடக்கும்? மாரியில் தேங்கவேண்டிய நீர் கடலுக்கு ஓடும். கோடையில் மிஞ்சியிருப்பதை மரம் உறிஞ்சும். பக்கத்து வளவின் கிணறு உவராகும். ஒருவர் தன் காணியில் நட்டாலும் அதன் விளைவு அயலவரின் வாளியில் தெரியும். ஆகவே தீவில் காடு வளர்ப்பது காணிக்காரர் ஒருவருடைய தனி விடயம் அல்ல.

இன்னொன்றும் உண்டு. தை கழிந்தால் புரட்டாதி வரை பெருமழை இல்லை. சோளகக் காற்று உப்பை அள்ளிவந்து கொட்டும். கட்டாக்காலி மாடும் ஆடும் பச்சையைக் கண்டால் விடா. இரண்டு கோடையாவது நீரூற்றி வேலி அடைத்துக் காக்காத கன்று பிழைக்காது. காணிக்காரர் ஊரில் இல்லாமல் இதைச் செய்வது யார்? நட்டுப் படம் எடுத்து அறிக்கை அனுப்பிய பின் வாடிப்போன கன்றுகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

பற்றை மூடிய காணி யாருடையது?

எல்லாவற்றிலும் பாரதூரமான விடயம் இதுதான். 1990 ஓகஸ்டில் மண்டைதீவும் அல்லைப்பிட்டியும் அயல் ஊர்களும் இராணுவ நடவடிக்கையால் வெறுமையாயின. 1991 ஒக்டோபரில் ஊர்காவற்றுறைப் பக்கம். குடாநாட்டுக்குள் ஓடிவந்தவர்கள் 1995 ஒக்டோபர் 30இல் மீண்டும் ஓடினார்கள். திரும்பி வந்தவர்களிற் சிலர் 2006 ஓகஸ்டில் இன்னொரு முறை இடம்பெயர்ந்தார்கள். இந்த ஓட்டங்களுக்கிடையில் உறுதிகள் தொலைந்தன, எல்லைக் கற்கள் மறைந்தன, எல்லையைக் காட்டக்கூடிய பெரியவர்கள் இறந்துபோனார்கள். காணியில் பற்றை வளர்ந்தது.

இந்த நாட்டின் காணிச் சட்டத்தில் பற்றைக்கு ஒரு பொருள் உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லாத, பயிரிடாத காணியும் மறுத்து நிரூபிக்கப்படும் வரை முடிக்கு உரியவை என்று அனுமானித்தது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டமும், அதன்பின் 1931இன் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டமும் அதே பாதையில் வந்தவை. இவை பழங்கதைகள் என்று எண்ண வேண்டாம். 2025 மார்ச் 28இல் அந்த 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான், வட மாகாணத்தில் 5,941 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் கோரவேண்டும், இல்லையேல் அரச காணியாகும் என்ற வர்த்தமானி வந்தது. எதிர்ப்பு எழுந்து, வழக்கு உயர் நீதிமன்றம் சென்றபின் அது அந்த ஆண்டே கைவாங்கப்பட்டது. கைவாங்கியது நல்லது. ஆனால் சட்டம் ஏட்டில் இருக்கிறது.

நெடுந்தீவில் 2015இல் ஏறக்குறைய 1,800 எக்டேயர் நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அது தீவின் மூன்றிலொரு பங்கிற்கும் மேல். குதிரைகளையும் பறவைகளையும் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு தாளில் நிலத்தின் தன்மை மாறிவிடுகிறது என்பதை நாம் கவனத்திற் கொள்ள வேண்டும். வன்னியிலும் மன்னாரிலும், போர்க்காலத்தில் காடு மூடிய ஊர்க்காணிகளை வனத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டித் தனதென்று சொன்ன முறைப்பாடுகள் பல.

இவ்வாறான நாட்டில், இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் தன் வயலைத் தானே காடென்று எழுதிக்கொடுப்பதன் பொருள் என்ன? இன்று பணம் பெறும் தந்தைக்கு அது தனது தோட்டம் என்று தெரியும். 30 ஆண்டுக்குப் பின் வரும் அதிகாரிக்கு அது காடு. வரைபடத்தில் பச்சை. அப்போது உறுதியைத் தேடிப் பிள்ளைகள் அலைய வேண்டியிருக்கும். நெற்காணி என்று பதிவான நிலத்துக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் ஒரு காவல் தந்திருக்கிறது: எழுத்து அனுமதி இல்லாமல் அதை வேறு தேவைக்கு மாற்ற முடியாது. அந்தக் காவலை நாமே கழற்றி வைப்பது புத்தியல்ல.

உறுதிக்காரரும் உழுதவரும்

இங்கே நமது சமூகத்தின் உள்வீட்டு நியாயம் ஒன்றையும் பேச வேண்டும். கொடுப்பனவு என்பது உறுதி உள்ளவர் பெயருக்கே வரும். ஆனால் தீவகத்தில் உறுதி வைத்திருந்தவரெல்லாம் உழவில்லை. உழுதவரெல்லாம் உறுதி வைத்திருக்கவுமில்லை. குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்தவர்கள், கூலிக்குப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைத்தவர்கள், பனையேறிப் பிழைத்தவர்கள் ஆகியோருக்குச் சொந்தக் காணி இருக்கவில்லை. அவர்களும் அதே வள்ளத்தில் இடம்பெயர்ந்தவர்கள். உறுதிக்காரர் கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டு வயலைக் காடாக்கினால், திரும்பி வந்து குத்தகைக்குச் செய்யலாம் என்று எண்ணியிருக்கும் குடும்பத்தின் கதவு அடைபடுகிறது. பணம் ஒருவருக்கு, இழப்பு இன்னொருவருக்கு. இதைக் கிறிஸ்தவ மனச்சாட்சி ஏற்றுக்கொள்ள முடியாது.

பெண்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீவகக் காணியிற் பெரும்பங்கு சீதனமாகப் பெண்களின் பெயரில் இருப்பது. ஆயினும் யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற் போன சகோதரி என்ன செய்வாள்? அவளின் தமையனோ மருமகனோ அவளுக்காகப் பேசி முடித்து, கொடுப்பனவையும் தானே வாங்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிரிக்கப்படாத பங்குக் காணிகளின் கதையும் இதுவே. ஏழு சகோதரரில் ஒருவர் ஒப்பமிட, மற்ற ஆறுபேரும் பின்னர் அறிந்து மனங்கசந்து நீதிமன்றம் போவார்கள்.

மறுதரப்பாரின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. “பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை. வயலைச் செய்ய ஆளில்லை. பற்றையும் பாம்பும் கிடக்கும் காணியில் நல்ல மரம் நின்றால் எல்லையும் தெரியும், உரித்தும் தெரியும், ஏதோ வருமானமும் வரும்” என்று சில பெரியவர்கள் சொல்லுகிறார்கள். பத்து ஆண்டு எதிராட்சி செய்தவன் காணியைத் தனதாக்கலாம் என்ற சட்டம் உள்ள நாட்டில், வெறுங்காணியாக விடுவது ஆபத்து என்பதும் சரியே. போரினால் வெளியேறியவர்களை இதிலிருந்து காக்க 2016இல் 5ஆம் இலக்க விசேட சட்டம் ஒன்று வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட அது வழிசெய்தது. ஆயினும் அதன் சலுகை இரண்டு ஆண்டுக் காலத்துக்கு வரையறுக்கப்பட்டிருந்தது.

எனவே காணியைக் கைவிடாமல் பயன்படுத்துங்கள் என்றே நானும் சொல்லுகிறேன். ஆனால் பயன்படுத்துவதற்குக் காடு ஒன்றுதான் வழியா? வரக்கூடிய ஒரு குடும்பத்துக்கு எழுத்துமூலம் குத்தகைக்குக் கொடுக்கலாம். கமநல சேவை நிலையத்தில் பெயரைப் பதிந்து வைக்கலாம். எல்லையில் மரம் நடலாம். இவை மூன்றும் உரித்தைக் காக்கும், வயலையும் காக்கும். மண் முற்றாக உவராகி, இனி நெல்லே விளையாது என்று ஊரார் எல்லோரும் ஏற்றுக்கொண்ட நிலத்தில், ஊர் கூடி முடிவெடுத்துக் காடு வளர்ப்பதில் தவறில்லை. அது வேறு கதை.

பின் எந்த மரம், எங்கே?

நமது முன்னோர் வயலில் காடு வளர்க்கவில்லை. வயலைச் சுற்றி மரம் வளர்த்தார்கள். வேலியில் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நின்றன. அவற்றின் குழையை வெட்டித் தோட்டத்திலும் வயலிலும் தாழ்த்தினார்கள். பனையோலையும் மண்ணுக்குள் உரமாய்ப் போயிற்று. வேம்பு நிழலும் மருந்தும் தந்தது. மெல்லிய மண்ணில் இத்தனை தலைமுறை பயிர் செய்ய முடிந்ததன் இரகசியம் அந்த வேலியில் இருந்தது. போரும் தகரவேலியும் சீமெந்து மதிலும் அந்த வேலியை அழித்தன.

பனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்ட பனைகளின் இடம் இன்னும் நிரம்பவில்லை. பனைக்கு நாற்றுமேடை வேண்டாம், நீரூற்ற வேண்டாம். மாரிக்கு முன் விதையைப் புதைத்தால் அது வேரைக் கீழே விட்டுத் தன் பாட்டில் எழும்பும். உப்புக் காற்றுக்கு அஞ்சாது. நிழல் குறைவாதலால் அதன்கீழ் பயிரும் செய்யலாம், ஆடும் மேயலாம். பயன் தர 15 ஆண்டுக்குக் குறையாமற் செல்லும். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பதா என்று நம்மவர் கேலி பேசுவதும் இதனால்தான். கொடுப்பனவு தேவைப்படுவது இங்கேதான். பயன் வரும்வரை காத்திருக்கும் காலத்துக்கு, வடலி காப்பவருக்கு, பிழைத்து நிற்கும் வடலிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கொடுத்தால் அது நீதியான கொடுப்பனவு. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. அதனூடாக இதைச் செய்யும்படி நாம் கேட்க வேண்டும்.

நட்ட மரத்தின் பயனை யார் எடுப்பது என்பதிலும் நமக்குப் பழைய ஒழுங்கு உண்டு. ஒல்லாந்தர் 1706இல் தொகுத்த தேசவழமையிலேயே, பிறர் நிலத்தில் ஒருவர் தென்னை நட்டால் நட்டவரும் நிலக்காரரும் பயனைப் பங்கிடவேண்டும் என்றும், கன்று கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்துப் பங்கு கூடிக் குறையும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. நிலமில்லாத குடும்பம் நிலக்காரரின் எல்லையில் மரம் வளர்த்து அதில் உரித்துப் பெறுவது நமது மண்ணுக்குப் புதிதல்ல. கொடுப்பனவையும் அவ்வாறே பங்கிடலாம்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

மரம் நடப் பணம் தருகிறோம் என்று எவர் வந்தாலும் பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள். பதிலை வாயால் அல்ல, எழுத்தில் வாங்குங்கள். பத்திரம் தமிழில் இருக்கட்டும்.

1. பணம் எத்தனை ஆண்டுக்கு? நிபந்தனை எத்தனை ஆண்டுக்கு? பணம் நின்றபின்னும் நிபந்தனை நீடிக்குமானால் அது ஏன்?

2. பிள்ளைகள் திரும்பிவந்து மீண்டும் வயல் செய்ய விரும்பினால் மரத்தை அகற்ற முடியுமா? வாங்கிய பணத்தை வட்டியுடன் திருப்பிக் கேட்பார்களா?

3. மரத்தை வெட்டவும் கொண்டுசெல்லவும் யாருடைய அனுமதி வேண்டும்? பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றை 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொந்தக் காணியிலும் நினைத்தபடி வெட்ட முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

4. கமநல சேவை நிலையப் பதிவேட்டில் காணி நெற்காணியாக, தோட்டக் காணியாக நீடிக்குமா? மாறுமானால் ஒப்பமிட வேண்டாம்.

5. காணியில் பங்குள்ள எல்லோரும், பெண் பங்காளரும், வெளிநாட்டில் இருப்பவரும் சம்மதித்தார்களா? குத்தகைக்குச் செய்தவருக்கு என்ன பங்கு?

6. கன்று பட்டுப்போனால் நட்டம் யாருக்கு? நீரூற்றவும் வேலிக்கும் யார் பொறுப்பு?

7. பக்கத்துக் கிணறு உவரானால் பதில் சொல்பவர் யார்?

இவற்றைத் தனியாகக் கேட்க அச்சமாயிருந்தால் கமக்காரர் அமைப்பாக, கிராம அபிவிருத்திச் சங்கமாக, பங்குச் சபையாகச் சேர்ந்து கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். தனி மனிதனிடம் அவசரப்படுத்தி வாங்கும் ஒப்பத்தை ஊரிடம் வாங்க முடியாது.

அதற்கு முன்பே செய்யக்கூடியவையும் உண்டு. தொலைந்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்து வையுங்கள். எல்லை தெரிந்த பெரியவர் உயிரோடிருந்தால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை காணியைச் சுற்றி நடவுங்கள். நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் எடுக்கக் கூடியவர்கள் எடுங்கள். வரும் மாரிக்கு முன் நான்கு எல்லையிலும் பனம் விதை புதையுங்கள். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

அரசுக்கும் உதவி வழங்குவோருக்கும் ஒரு வார்த்தை. தீவகத்தைப் பச்சையாக்க உண்மையாகவே விரும்பினால், முதலில் படையினர் வசம் இன்னும் இருக்கும் மக்கள் காணிகளை விடுங்கள். குளத்தையும் கேணியையும் தூர்வாருங்கள். உவர்நீர்த் தடுப்பணைகளைத் திருத்துங்கள். மக்கள் தம் வீட்டுக்குத் திரும்பினால் மரத்தையும் நடுவார்கள், நீரும் ஊற்றுவார்கள். குடியிருப்பில்லாத இடத்தில் நட்ட மரத்துக்குக் காவல் இல்லை.

விவிலியத்தில் ஆகாபு அரசன் நாபோத்திடம் அவனுடைய திராட்சைத் தோட்டத்தைக் கேட்டபோது வெறுங்கையோடு கேட்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருவேன், அல்லது பணமாகத் தருவேன் என்றுதான் கேட்டான். கேட்ட காரணமும் பெரிதல்ல, காய்கறித் தோட்டம் போடுவதற்கு. நாபோத்து மறுத்தான், அது தன் முன்னோரின் உரிமைச் சொத்து என்றான். அந்த மறுப்புக்காக அவன் உயிரையே கொடுத்தான். ஆனால் அரசனின் பக்கம் அல்ல, நாபோத்தின் பக்கமே ஆண்டவர் நின்றார்.

எரேமியா இறைவாக்கினரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, நாடே பறிபோகும் வேளையில், அவர் அனத்தோத்து ஊரில் இருந்த உறவினரின் வயலை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதி, அது நெடுநாள் கெடாதிருக்க மண்பானையில் இட்டு வைக்கச் சொன்னார். அவ்வூரில் மீண்டும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் காலம் வரும் என்ற நம்பிக்கையின் அடையாளம் அது.

நம்மிற் பலர் முகாமிலும் வாடகை வீட்டிலும் அந்நிய நாட்டிலும் அவ்வாறே உறுதிகளைத் துணியிற் சுற்றிப் பெட்டிக்கடியில் வைத்திருக்கிறோம். அந்த உறுதியில் எழுதியிருப்பது வயல் என்று. அதைக் காடென்று மாற்றி எழுதும் அதிகாரம் நம் கையில் மட்டும் இல்லை. நமக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கும், நம் வயலில் வியர்வை சிந்தியவர்களின் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களைக் கேட்காமல் ஒப்பமிடாதிருப்போம்.